மெதுவாக, புதிதாக, நன்றாகக் கழுவி: காந்தப் பாய்மச் சோதனை தோற்கும் இடங்களின் வரலாறு

இளநிலை வேதியியல் மாணவர்களுக்கு நானோ பொருள்களை அறிமுகப்படுத்தும் சோதனைகளுள் காந்தப் பாய்மம் தயாரித்தல் தனிக் கவர்ச்சி உடையது. ஃபெரோஃப்ளூயிட் என்று பரவலாக அழைக்கப்படும் இத்திரவம், காந்தம் அருகில் இல்லாதபோது சாதாரண மை போலத் தளும்பும். தட்டின் அடியில் காந்தத்தைக் கொண்டுவந்ததும் முள்ளம்பன்றி சிலிர்த்ததுபோல் மேற்பரப்பெங்கும் கூர்முட்களாக எழும். தேவைப்படுபவை இரண்டு இரும்பு உப்புகள், நீர்த்த அம்மோனியா, நிலைநிறுத்தும் பொருள் ஒன்று, வலுவான காந்தம் ஒன்று. காணொளிகளில் இச்சோதனை ஒருமுறைகூடத் தோற்பதில்லை.

வகுப்பறையில் நிலைமை வேறு. கறுப்பாக வரவேண்டிய வீழ்படிவு செங்கல் நிறத்தில் வருகிறது. கறுப்பாக வந்தாலும் திரவமாக நில்லாமல் சேறாகத் திரண்டு காந்தத்தை நோக்கிப் பாய்கிறது; எஞ்சிய பாத்திரத்தில் தெளிந்த நீர் நிற்கிறது. திரவமாக நின்றுவிட்டாலோ முள் எழுவதில்லை. மேற்பரப்பு சற்றே புடைத்து அடங்குகிறது. அதற்குள் வகுப்பு முடிந்துவிடுகிறது. ‘கறுப்பு நிறக் காந்தப் பாய்மம் பெறப்பட்டது’ என்று ரெக்கார்டு நோட்டில் எழுதப்பட்டு, பாத்திரங்கள் கழுவி வைக்கப்படுகின்றன.

இத்தோல்விகளை மாணவரின் கவனக்குறைவு என்று ஒதுக்குவது எளிது. காந்தப் பாய்மத்தின் வரலாற்றைப் படிப்பவருக்கோ வேறொன்று புலப்படும். வகுப்பறையில் நேரும் பிழைகள் ஏறத்தாழ அனைத்தும் அந்த வரலாற்றில் எவரோ ஒருவர் எதிர்கொண்ட சிக்கல்களே. அவர் கண்டறிந்த தீர்வு, செய்முறைக் குறிப்பில் ஒற்றை வினையடையாகச் சுருங்கி நிற்கிறது: ‘புதிதாக’, ‘மெதுவாக’, ‘நன்றாகக் கழுவி’, ‘அதிகப்படியான திரவத்தை வடித்து’. பொருள்களின் பெயரையும் அளவையும் மட்டும் வாசித்து, இச்சொற்களை நடைக்கு இடப்பட்ட அலங்காரமாகக் கருதிக் கடந்து செல்பவரின் பாத்திரத்தில் அந்தப் பழைய சிக்கல் மீண்டும் உயிர்பெறுகிறது.

கலங்கிய நீர்

காந்தப் பாய்மத்தின் வரலாற்றை எழுதுவோர் பலர் அதை 18ஆம் நூற்றாண்டின் இலண்டனில், கோவின் நைட்டிடம் தொடங்குவர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் முதல் தலைமை நூலகரான நைட், வலுமிக்க செயற்கைக் காந்தங்களைச் செய்வதில் பெயர்பெற்றவர். தம் முறையை வாழ்நாளில் வெளியிடாது காத்தார். அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1779இல், பெஞ்சமின் வில்சன் அம்முறையை இலண்டன் ராயல் கழகத்தின் இதழில் விவரித்தார். நீர் நிறைந்த தொட்டியில் இரும்புத் துருவல்களை இட்டு மணிக்கணக்காகக் குலுக்க வேண்டும். துருவல்கள் ஒன்றோடொன்று உராய்ந்து மிக நுண்ணிய கரும்பொடி நீரில் கலங்கும். அக்கலங்கலை வேறு பாத்திரத்தில் வடித்துத் தெளியவிட்டு, அடியில் படியும் பொடியைச் சேகரித்து, ஆளிவிதை எண்ணெயுடன் பிசைந்து, உலர்த்திச் சூடேற்றிக் காந்தமாக்க வேண்டும்.

முதல் காந்தத் திரவம் என்று இதனைக் குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அக்கூற்று ஆராயத்தக்கது. நைட் தேடியது திண்மக் காந்தம். கலங்கிய நீர் அவருக்கு இடைநிலைப் பொருள் மட்டுமே. அந்நீர் தெளிய வேண்டும், பொடி அடியில் படிய வேண்டும் என்பதே அவர் விருப்பம். இன்றைய மாணவர் அஞ்சும் நிகழ்வு, அதாவது பொடி கீழே படிந்து மேலே தெளிநீர் நிற்பது, நைட்டுக்கு வெற்றியாக இருந்தது. ஒரே நிகழ்வு ஒருவருக்கு விளைவாகவும் மற்றொருவருக்குப் பிழையாகவும் ஆவதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பொடி படியாமல் என்றென்றும் மிதக்க வேண்டுமானால் என்ன செய்வது என்ற வினாவிற்கு ஒரு மொழி தேவைப்பட்டது. அதைத் தந்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம். பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘கொலாய்டு’ என்ற பெயரை 1861இல் அவர் ஆக்கினார். தமிழ்க் கலைச்சொல்லாக்கம் ‘கூழ்’ என்ற சொல்லை எடுத்துக் ‘கூழ்மம்’ என ஆக்கியது; பசைக்குப் பதிலாகக் கூழ், ஆனால் உவமையின் திசை ஒன்றே. வீழ்படிவை மீண்டும் திரவத்தில் பிரித்து மிதக்கவிடும் செயலுக்குக் கிரஹாம் செரிமானத்தோடு தொடர்புடைய கிரேக்க வேரிலிருந்து 1864இல் ‘பெப்டைசேஷன்’ என்று பெயரிட்டார். உண்ட உணவு குடலில் கரைந்து பிரிவதுபோல் வீழ்படிவும் பிரிகிறது என்பது உவமை. காந்தப் பாய்மச் சோதனையின் கடைசிக் கட்டம் முழுவதும் இந்தச் செரிமானமே. பெரும்பாலான சோதனைகள் அங்கேதான் அசீரணம் கொள்கின்றன.

எல்லைக்கோடுகளைப் பார்க்க ஒரு மை

காந்தத் துகள்களின் கூழ்மத்தை 20ஆம் நூற்றாண்டில் முதலில் வேண்டியவர்கள் இயற்பியலாளர்கள். இரும்புத் துண்டு ஒன்றினுள் காந்தப்புலங்கள் சிறுசிறு வட்டாரங்களாகப் பிரிந்து கிடக்கின்றன என்ற கருத்து அப்போது கோட்பாடாக இருந்தது. அதைக் கண்ணால் காண வழியுண்டா? அமெரிக்காவில் பிரான்சிஸ் பிட்டர் 1931இல் ஒரு வழி கண்டார். பளபளப்பாகத் தேய்த்த உலோகப் பரப்பின்மேல் நுண்ணிய காந்தப்பொடி கலந்த திரவத்தைப் பரப்பி நுண்ணோக்கியில் பார்த்தார். பொடி, காந்தப்புலம் கசியும் இடங்களில் மட்டும் கோடுகளாகப் படிந்திருந்தது. இம்முறை இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

பொடி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு தெளிவாகக் கோடுகள் தெரியும். ஆகவே நல்ல ‘மை’ தேவைப்பட்டது. அதைச் செய்தவர் டபிள்யூ. சி. எல்மோர். 1938இல் அவர் வெளியிட்ட முறை இன்றைய மாணவருக்கு உடனே அடையாளம் தெரியும்: ஃபெரஸ் குளோரைடும் ஃபெரிக் குளோரைடும் கலந்த சூடான கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துக் கறுப்பு மேக்னடைட்டை வீழ்படிவாக்குதல், அதைக் கழுவுதல், பின்னர் சோப்புக் கரைசலில் பிரித்து மிதக்கவிடுதல். அரைப்பதற்குப் பதிலாக வேதிவினையால் துகளை நேரடியாக நுண்ணளவில் பிறப்பிப்பதும், பிறந்த துகளுக்கு மேற்பூச்சு இடுவதும் அங்கே சேர்ந்துவிட்டன.

எல்மோரின் மை நீர்த்தது. அதன் வேலைக்கு அது போதும். கோடுகளில் படிவதற்குச் சில துகள்கள் போதும். திரவம் முழுவதும் காந்தத்துக்கு எழுந்து நிற்க வேண்டியதில்லை. அத்தகைய தேவை எழ மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. அது எழுந்த இடம் வேதியியல் ஆய்வகம் அன்று, விண்வெளி.

எடையற்ற எரிபொருள்

விண்கலத்தில் எடையின்மை நிலவும்போது தொட்டியிலுள்ள எரிபொருள் அடியில் தங்காது. உருண்டைகளாக எங்கும் மிதக்கும். எந்திரத்தின் குழாய்வாயில் திரவம் இருக்குமா, வாயு இருக்குமா என்பது உறுதியில்லை. கிளீவ்லண்டிலிருந்த நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஸ்டீபன் பேப்பெல் ஒரு விடையை முன்வைத்தார். எரிபொருளையே காந்தத்துக்கு வசப்படுவதாக ஆக்கிவிட்டால், காந்தப்புலம் ஒன்றினால் அதைக் குழாய்வாயிலுக்கு இழுத்துக்கொள்ளலாம். 1963இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1965இல் அது வழங்கப்பட்டது.

அவருடைய முறை வலிமையை நம்பியது. மேக்னடைட் பொடியை ஹைட்ரோகார்பன் திரவத்திலும் ஒலியிக் அமிலத்திலும் இட்டு, உருக்குக் குண்டுகள் உருளும் ஆலையில் அரைக்க வேண்டும். இத்தகைய அரைப்புக்கு 500 முதல் 1000 மணி நேரம் வரை ஆகும் என்று பிற்காலத்து நூல்கள் குறிக்கின்றன. இடைவிடாது ஓடினாலும் மூன்று முதல் ஆறு வாரங்கள். அவ்வளவு காலம் ஏன்? துகள் ஏறத்தாழ 10 நானோமீட்டர் அளவுக்கு வர வேண்டும். அதைவிடப் பெரிதாயின் ஒவ்வொரு துகளும் வலுவான சிறு காந்தமாகி அடுத்ததை இழுத்துக்கொள்ளும். 10 நானோமீட்டர் அளவில் வெப்ப அசைவு அந்த இழுப்பை ஏறத்தாழ ஈடுசெய்துவிடும்.

ஆனால் அளவு மட்டும் போதாது. இரண்டு துகள்கள் நெருங்கினால் எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான வாண்டர்வால்ஸ் கவர்ச்சி அவற்றைப் பிணைத்துவிடும்; அதற்குக் காந்தத்தன்மை தேவையில்லை. நெருங்கவிடாமல் தடுப்பதே ஒலியிக் அமிலத்தின் பணி. அதன் தலை துகளின் பரப்பைப் பற்றிக்கொள்ளும், வால் வெளியே எண்ணெயில் நீளும். வால்கள் அடர்ந்த துகள் மற்றொரு துகளைத் தொட முடியாது. இதை உணர்ந்தால் வகுப்பறையின் மிகப் பொதுவான தோல்வி விளங்கிவிடும். கறுப்புச் சேறு காந்தத்தின்மீது பாய்ந்து ஒட்டுகிறதென்றால் மேக்னடைட் நன்றாகவே உருவாகியிருக்கிறது. குறை அதன் காந்தத்தில் இல்லை. துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, நீரைக் கைவிட்டுக் காந்தத்திடம் போகின்றன. நல்ல காந்தப் பாய்மத்தில் துகள் காந்தத்தை நோக்கி நகரும்போது திரவத்தையும் உடன் இழுத்துச் செல்ல வேண்டும்.

பேப்பெலின் திரவம் விண்கலங்களில் எரிபொருளாகவில்லை. அவர் திறந்துவிட்ட வழியில் நடந்தவர்களுள் முதன்மையானவர் ரொனால்டு ரோசன்ஸ்வைக். அவ்கோ நிறுவனத்தில் செறிவுமிக்க காந்தப் பாய்மங்களை உருவாக்கிய அவர், 1968இல் ரொனால்டு மாஸ்கோவிட்சுடன் சேர்ந்து ஃபெரோஃப்ளூயிடிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சுழலும் தண்டுகளைச் சுற்றி வாயு கசியாமல் தடுக்கும் அடைப்பாகவும், ஒலிபெருக்கிச் சுருளின் வெப்பத்தைக் கடத்தும் திரவமாகவும் அது தொழிலில் நிலைபெற்றது. 1985இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையின் அடிப்படை நூலாக இன்றும் பயன்படுகிறது.

முள் எழும் கணக்கு

மாணவர் காத்திருக்கும் அந்த முட்களுக்கும் ரோசன்ஸ்வைக்கின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. எம். டி. கவ்லியும் அவரும் 1967இல் வெளியிட்ட கட்டுரை, காந்தப் பாய்மத்தின் மேற்பரப்பு ஏன் முள்ளாகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியது. மேற்பரப்பை மட்டமாக வைத்திருக்க இரண்டு விசைகள் முயல்கின்றன. ஒன்று திரவத்தின் எடை, மற்றொன்று பரப்பு இழுவிசை. செங்குத்தான காந்தப்புலமோ சிறு மேட்டையும் மேலும் உயர்த்தப் பார்க்கிறது. மேடு உயர உயரப் புலம் அதன் முனையில் குவிகிறது, குவிந்த புலம் மேட்டை இன்னும் இழுக்கிறது. திரவத்தின் காந்தமேற்றம் ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும்வரை எடையும் இழுவிசையும் வெல்லும். தாண்டியதும் மட்டமான பரப்பு நிலைக்க முடியாது.

கவனிக்கத்தக்கது அந்த வரம்பு என்ற கருத்து. திரவம் சற்று நீர்த்திருந்தால் முட்கள் சற்றுச் சிறியவையாக வரும் என்று மாணவர் எதிர்பார்ப்பது இயல்பு. வரம்புக்குக் கீழே இருக்கும் திரவத்தில் முள் எழவே எழாது. ஆகவே முள் எழாத திரவம் கெட்ட திரவம் என்று கொட்டிவிடுவது அவசரம். அது வரம்பை எட்டாத நல்ல திரவமாக இருக்கலாம். அல்லது காந்தம் வலுக்குறைந்ததாக இருக்கலாம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய கறுப்பு ஃபெரைட் காந்தத்துக்குப் பதிலாக ஒரு நியோடிமியம் காந்தத்தை வைத்துப் பார்த்தபின்னரே தீர்ப்பு வழங்க வேண்டும்.

கழுவுதலின் வேதியியல்

அரைக்கும் முறை தொழிலுக்கு மெதுவானது. அமெரிக்கச் சுரங்கத் துறையின் ஆய்வாளர்கள் எஸ். ஈ. காலஃபல்லாவும் ஜி. டபிள்யூ. ரீமர்ஸும் எல்மோரின் வழிக்குத் திரும்பினர். உலோகக் கழிவுகளையும் கனிமங்களையும் அடர்த்தி வேறுபாட்டால் மிதக்கவிட்டுப் பிரிப்பதற்கு அவர்களுக்குப் பெருமளவில் மலிவான காந்தப் பாய்மம் தேவைப்பட்டது. 1973இல் காப்புரிமை பெற்ற அவர்களுடைய முறையில், அம்மோனியாவால் வீழ்படிவாக்கிய மேக்னடைட், ஒலியிக் அமிலம் கலந்த மண்ணெண்ணெயுடன் சேர்த்துச் சூடேற்றப்படுகிறது. துகள்கள் நீரைவிட்டு எண்ணெய்க்குள் இடம்பெயர்கின்றன. வாரக்கணக்கான அரைப்பு சில மணி நேர வேலையாகச் சுருங்கியது.

சோப்போ எண்ணெயோ இல்லாமல் வெறும் நீரிலேயே துகளை நிறுத்த முடியுமா என்பது எஞ்சிய வினா. பாரிசில் ரெனே மஸார் 1981இல் வெளியிட்ட கட்டுரை, முடியும் என்றது. பரப்புப் பூச்சுக்குப் பதிலாக மின்னூட்டம். காரக் கரைசலில் மேக்னடைட்டின் பரப்பு எதிர்மின்னூட்டம் கொள்ளும். ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். ஆனால் கரைசலில் எந்த நேர் அயனி உடனிருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த விலக்கம் நிலைக்கும் என்று அவர் காட்டினார். சோடியம் போன்ற சிறிய, வலுவாக ஈர்க்கும் அயனிகள் பரப்பை நெருங்கி மின்னூட்டத்தை மறைத்துவிடும்; துகள்கள் பால் திரிவதுபோல் திரண்டுவிடும். டெட்ராமெத்தில் அம்மோனியம் என்ற பருத்த அயனி அவ்வாறு நெருங்குவதில்லை. துகள்கள் விலகியே நிற்கும்.

இரண்டு பொதுவான பிழைகளுக்கு விளக்கம் இங்கே கிடைக்கிறது. அலமாரியில் டெட்ராமெத்தில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு இல்லை, சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது, இரண்டும் காரந்தானே என்று மாற்றிக்கொள்வது முதல் பிழை. காரத்தன்மை இரண்டிலும் உண்டு. சோதனையின் முடிவைத் தீர்மானிப்பது காரத்துடன் வரும் அயனி. வீழ்படிவைக் கழுவாமல் விடுவது இரண்டாவது பிழை. இரும்பு உப்புகளும் அம்மோனியாவும் வினைபுரிந்தபின் பாத்திரம் முழுவதும் அம்மோனியம் குளோரைடு கரைந்து கிடக்கிறது. அந்த உப்பை வெளியேற்றாமல் எந்த நிலைநிறுத்தியைச் சேர்த்தாலும் மின்னூட்டம் மறைக்கப்பட்டுவிடும். ‘நன்றாகக் கழுவி’ என்பது தூய்மைக்கான அறிவுரை அன்று. மஸாரின் வாதம் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது.

ஒரு மணி நேரமாகச் சுருங்கிய இரு நூற்றாண்டு

இந்த நீண்ட வரலாறு வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தது 1990களில். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் எல்லிஸ், பெலாய்ட் கல்லூரியின் ஜார்ஜ் லிசென்ஸ்கி ஆகியோர் அடங்கிய குழு, மஸாரின் வழியைத் தழுவிய மாணவர் சோதனை ஒன்றை அமெரிக்க வேதியியல் கழகத்தின் கல்வி இதழில் 1999இல் வெளியிட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் நீர்வழிச் செய்முறைகள் பலவற்றுக்கு அதுவே மூலம். அதன் எண்களை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது பயன்தரும்.

ஒரு மோலார் செறிவுள்ள ஃபெரிக் குளோரைடு 4 மில்லிலிட்டர். இரண்டு மோலார் ஃபெரஸ் குளோரைடு 1 மில்லிலிட்டர். அதாவது 4 மில்லிமோலுக்கு 2 மில்லிமோல். மேக்னடைட்டுக்கு வேண்டிய இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம். முழுவதும் வினைபுரிந்தால் கிடைப்பது 2 மில்லிமோல் மேக்னடைட், ஏறத்தாழ 0.46 கிராம். அரை கிராமுக்கும் குறைவான இந்தப் பொருளில் ஒரு பகுதி காந்தக் கலக்கியின் குச்சியில் ஒட்டிக்கொண்டாலே இழப்பு பெரிது. அதில் சேர்க்கவேண்டிய நிலைநிறுத்திக் கரைசல் 1 அல்லது 2 மில்லிலிட்டர் மட்டுமே. கழுவிய நீரைச் சரியாக வடிக்காமல் 10 மில்லிலிட்டர் தங்கிவிட்டால் திரவம் பல மடங்கு நீர்த்துவிடுகிறது. ரோசன்ஸ்வைக்கின் வரம்பு எட்டாத தொலைவுக்குப் போய்விடுகிறது. இறுதியில் காந்தத்தை அடியில் பிடித்துக்கொண்டு, அதனால் ஈர்க்கப்படாத திரவத்தை வடித்துவிட வேண்டும் என்று செய்முறை சொல்வது இதனால்தான்.

‘புதிதாக’ என்ற சொல்லுக்கு வருவோம். ஃபெரஸ் குளோரைடு காற்றிலுள்ள ஆக்சிஜனால் ஃபெரிக்காக மாறும். அமிலத்தில் அம்மாற்றம் மெதுவாக நிகழும் என்பதால்தான் கரைசல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தயாரிக்கப்படுகிறது. வெறும் நீரில் கரைத்து வைத்த கரைசலோ, மூடி தளர்ந்த பழைய புட்டியின் உப்போ இந்தக் காப்பை இழந்தவை. ஃபெரஸில் பாதி ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டதாகக் கொள்வோம். இப்போது கையிலிருப்பது 5 மில்லிமோல் ஃபெரிக், 1 மில்லிமோல் ஃபெரஸ். உருவாகக்கூடிய மேக்னடைட் பாதியாகிவிடுகிறது. 3 மில்லிமோல் ஃபெரிக் துணையின்றி எஞ்சிப் பழுப்பு ஹைட்ராக்சைடாகப் படிகிறது. செங்கல் நிற வீழ்படிவின் கணக்கு இதுவே. வெளிர் பச்சையாக இருக்கவேண்டிய உப்பு மஞ்சளும் பழுப்புமாக மாறியிருந்தால், சோதனை தொடங்குமுன்னரே அது தோற்றுவிட்டது.

அம்மோனியாவுக்கும் இதே கதி உண்டு. ஒரு மோலார் கரைசலில் 50 மில்லிலிட்டர் என்பது 50 மில்லிமோல் காரம். மேக்னடைட் உருவாக 16 மில்லிமோல் வேண்டும். இரும்புக் கரைசல்களில் உள்ள அமிலம் மேலும் சிலவற்றை விழுங்கும். செய்முறை தாராளமாகவே கொடுத்திருக்கிறது. ஆனால் பலமுறை திறந்து மூடிய அம்மோனியாப் புட்டியின் செறிவு அதன்மீது ஒட்டிய சீட்டில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கும். முன்னதாக ஒரு தரம்பார்த்தல் செய்துகொண்டால் இந்த ஐயம் நீங்கும்.

‘மெதுவாக’ என்பது ஏறத்தாழ 5 நிமிடங்கள், தொடர்ந்து கலக்கியபடி. முதலில் தோன்றுவது பழுப்பு வீழ்படிவுதான். காரம் சேரச் சேர ஃபெரிக் முன்னும் ஃபெரஸ் பின்னும் வீழ்படிவாகும் என்பதால் இது இயல்பு. பழுப்பைக் கண்டதும் தவறிவிட்டது என்று கொட்டிவிடுபவர் அடுத்த சில நிமிடங்களில் வரவிருந்த கறுப்பைக் காண்பதில்லை.

ஆகவே தோற்ற சோதனையைக் கொட்டுமுன் கேட்கவேண்டிய கேள்வி, எந்தக் கட்டத்தில் தோற்றது என்பதே. அம்மோனியா முழுவதும் சேர்த்தபின்னும் வீழ்படிவு பழுப்பாகவே இருந்து காந்தத்துக்கு அசையவில்லையென்றால் குறை ஃபெரஸிலோ காரத்தின் அளவிலோ உள்ளது. கறுப்பாகி, காந்தத்துக்கு விரைந்தும், நிலைநிறுத்தி சேர்த்தபின் சேறாகவே இருந்தால் கழுவுதலையோ அயனியையோ ஐயுற வேண்டும். திரவமாக நின்று, காந்தத்தைத் தொடர்ந்து ஒழுகியும், முள் மட்டும் எழவில்லையென்றால் செறிவையும் காந்தத்தையும் பார்க்க வேண்டும். இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது ஒரு தோல்வி மூன்று வெவ்வேறு அறிவுகளாகிறது.

ஓர் எச்சரிக்கையும் இங்கே கடமை. டெட்ராமெத்தில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு, குறிப்பாக அச்செய்முறை கூறும் 25 விழுக்காட்டுச் செறிவில், தோலில் பட்டால் அரிப்பதோடு நில்லாது. உடலுள் ஊடுருவி மூச்சுத் தசைகளைப் பாதிக்கும். தொழிற்சாலைகளில் இதனால் உயிரிழப்புகள் நிகழ்ந்துள்ளன. உரிய கையுறையும் புகைபோக்கிப் பெட்டியும் மேற்பார்வையும் இல்லாத ஆய்வகம், சிட்ரிக் அமிலத்தையோ ஒலியிக் அமிலத்தையோ பயன்படுத்தும் வழிகளை நாடுவதே முறை.

எழுதப்படாத நிரல்

எழுத்தில் உள்ள செய்முறையால் ஒரு சோதனையை முழுமையாகக் கடத்த முடியாது என்பது அறிவியல் சமூகவியலில் அறியப்பட்ட செய்தி. கனடாவில் உருவான ஒருவகை லேசரைப் பிரிட்டிஷ் ஆய்வகங்கள் கட்ட முயன்றதை ஆராய்ந்த ஹாரி காலின்ஸ், வெளியிடப்பட்ட எழுத்தை மட்டும் நம்பிய எவரும் வெற்றி பெறவில்லை என்று 1974இல் எழுதினார். ஏற்கெனவே கட்டியவரோடு பழகியவர்களே வென்றனர். காந்தப் பாய்மத்தின் நிலையும் அதுவே. பேப்பெலின் காப்புரிமையிலோ மஸாரின் கட்டுரையிலோ எத்தனை தொகுதிகள் சாக்கடைக்குப் போயின என்ற கணக்கு கிடையாது. அவ்வெழுத்து வகைகளுக்கு அது தேவையும் இல்லை.

ஆனால் மாணவரின் ரெக்கார்டு நோட்டு காப்புரிமை அன்று. அதில் நோக்கம், செய்முறை, காணல், முடிவு என்ற நிரல்கள் உண்டு. நேராதது என்ன, ஏன் என்பதற்கு நிரல் இல்லை. ‘சேர்க்கப்பட்டது’, ‘பெறப்பட்டது’ என்ற செயப்பாட்டு வினைகளில் செய்தவரும் மறைகிறார், செய்தபோது நேர்ந்ததும் மறைகிறது. பாத்திரத்தில் செங்கல் நிறத்தைக் கண்டவர் நோட்டில் கறுப்பு என்று எழுதும்போது, அவர் இழப்பது ஓர் ஆண்டுக்கான மதிப்பெண்ணைவிடப் பெரிது. கண்டதைக் கண்டபடி எழுதினால் தண்டனை கிடைக்கும் என்ற பாடத்தை அவர் கற்றுக்கொள்கிறார். பின்னாளில் ஆய்வாளராகும்போது அந்தப் பாடம் உடன் வருகிறது.

இந்தியாவில் இத்துறைக்கு மரபு இல்லாமல் இல்லை. குஜராத்தின் பாவ்நகர்ப் பல்கலைக்கழகத்தில் ஆர். வி. மேத்தாவின் தலைமையில் காந்தப் பாய்ம ஆய்வு பல்லாண்டு வளர்ந்தது. 1995 ஜனவரியில் காந்தப் பாய்மங்களுக்கான ஏழாவது பன்னாட்டு மாநாடு அங்கேயே நடைபெற்றது. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், உலோகப் பகுதிகளின் உள்ளே மறைந்த குறைபாடுகளைக் கண்டறியக் காந்த நானோ பாய்மங்களைப் பயன்படுத்தும் ஆய்வுகள் நடந்துள்ளன. கல்லூரி ஆய்வகத்துக்கும் இத்தகைய ஆய்வகங்களுக்கும் இடையிலுள்ள தொலைவு கருவிகளின் விலையால் மட்டும் ஆனதன்று; தோல்வியைப் பதியும் பழக்கத்தாலும் ஆனது.

அந்தப் பழக்கத்தின் பயனுக்கு இத்துறையிலேயே சான்று உண்டு. நன்றாக வந்த கறுப்புப் பாய்மமும் காற்றுப்பட்டால் நாள்போக்கில் பழுப்பேறும். மேக்னடைட் ஆக்சிஜனேற்றம் அடைந்து மேக்ஹமைட் ஆகிறது. மாணவருக்கு அது கெட்டுப்போன பாய்மம். மஸாரின் வழிவந்த ஆய்வாளர்களோ அதே மாற்றத்தைப் பொறுமையின்றிக் காற்றுக்கு விடாமல், ஃபெரிக் நைட்ரேட்டுடன் கொதிக்கவைத்துத் தாமே முடித்துவிடுகின்றனர். மேக்ஹமைட்டும் வலுவான காந்தப்பொருளே. அதற்குமேல் ஆக்சிஜனேற்றம் அடைய அதில் ஃபெரஸ் மிச்சமில்லை. ஆகவே அப்பாய்மம் நெடுநாள் நிலைக்கிறது. பழுப்பு நிறத்தைப் பிழை என்று மறைத்திருந்தால் அந்த வழி திறந்திருக்காது. யாரோ ஒருவர் நிறம் மாறியதைக் கண்டு, மாறிய நிறத்தை அப்படியே எழுதி வைத்தார்.